ஊசிக்கு நாலு நட்சத்திரம், குவளைக்கு ஒன்று: எங்கள் பேட்டை சின்சே (சீன வைத்தியர்) கடை

கடையின் பெயரைப் போட மாட்டேன். கவுன்டரில் இருக்கும் பெண் எங்கள் எதிர் புளோக்கில்தான் குடியிருக்கிறாள். பாராட்டும் திட்டும் கலந்து எழுதிவிட்டு ஈரச்சந்தையில் அவள் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில், முடிதிருத்தும் கடைக்கும் மீன்தொட்டிக் கடைக்கும் நடுவே இருக்கும் சீன மருத்துவ கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இப்படி ஒன்று இருக்கும். விலைப்பட்டியலில் ஊசி, மூலிகைச் சூடு, முதுகில் கவிழ்க்கும் குவளை, பிடித்துவிடுதல், மருந்துத்தூள் என்று இதே ஐந்துதான் இருக்கும். அதனால் ஐந்துக்கும் தனித்தனியாக மார்க் போட்டிருக்கிறேன். மொத்தமாக நல்ல கடை, மோசமான கடை என்று சொன்னால் யாருக்கும் பயன் இல்லை.

என் பிரச்சினை இடது தோள். ஃப்ரோசன் ஷோல்டர். நான் மருத்துவமனை மருந்தகத்தில் டெக்னீஷியன். நாள் முழுக்க மேல்தட்டிலிருந்து டப்பா எடுப்பதும் வைப்பதும்தான் பிழைப்பு. கை தோள் உயரத்துக்கு மேலே ஏறவில்லை, பின்பக்கம் போகவே போகாது, ஜாக்கெட் ஹூக் மாட்ட மகளைக் கூப்பிட வேண்டும். அதைவிடக் கொடுமை ராத்திரி. இடதுபக்கம் புரண்டால் போதும், உயிர் போய் உயிர் வரும். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு இந்தத் தோள் உறைவு மற்றவர்களைவிட அதிகமாக வரும். அரசு பாலிகிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார்கள். நல்ல வைத்தியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்ட சில நாள் சர்க்கரை எகிறும், அந்தச் சமயம் என் சர்க்கரை ஏற்கெனவே எகிறிக்கொண்டுதான் இருந்தது. பிசியோதெரபிக்குத் தேதி கொடுத்தார்கள். தேதி வருகிற வரைக்கும் ராத்திரியை என்ன செய்வது? மூன்றாம் மாடி சீன ஆண்ட்டி, "நீ சின்சேயிடம் போ, ஊசி போடு" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தார். போனேன்.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது சுவரை. இங்கே 2000ஆம் ஆண்டிலேயே பாரம்பரிய சீன மருத்துவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. அவர்களுக்கான வாரியத்தில் பதிவு இல்லாதவர் ஊசி குத்தக் கூடாது. பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். சின்சேயின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது, பக்கத்தில் குவாங்சோ சீன மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம். உட்கார்ந்த இடத்திலேயே போனில் தட்டிப் பார்த்தேன், பெயர் இருந்தது. அதற்குப் பிறகுதான் அடையாள அட்டையைக் கவுன்டரில் கொடுத்தேன்.

பதிவுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆலோசனைக்கு 20 வெள்ளி. சின்சேக்கு அறுபதை ஒட்டிய வயது. மாண்டரின்தான் பேசுகிறார், ஆங்கிலம் கொஞ்சம். கவுன்டர் பெண் உள்ளே வந்து நின்று மொழிபெயர்க்கிறாள். பாலிகிளினிக்கில் எனக்குக் கிடைக்கும் நேரத்தைப்போல மூன்று மடங்கு நேரம் அவர் கேள்வி கேட்டார். தூக்கம், வியர்வை, மலம், மாதவிலக்கு நின்றது எப்போது, குளிர்ந்த தண்ணீர் பிடிக்குமா வெந்நீர் பிடிக்குமா, மழை நாளில் வலி கூடுமா, எல்லாம் கேட்டார். அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல் தடம் இருக்கிறதாம், மேலே வெள்ளைப் படிவு இருக்கிறதாம். உடம்பில் ஈரம் தங்கியிருக்கிறது, மண்ணீரல் பலவீனம் என்றார்.

நாடி பார்த்ததைத்தான் நான் கூர்ந்து கவனித்தேன். சிறு வயதில் பாட்டி ஊரில் சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்த்தது நினைவிருக்கிறது. இவரும் மணிக்கட்டில் அதே மூன்று விரல். ஆனால் கணக்கு வேறு. ஒவ்வொரு கையிலும் மூன்று இடம், ஆக மொத்தம் ஆறு. இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகத்தின் இன்னொரு பாதி என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உறுப்பு. முதலில் லேசாகத் தொட்டு, பிறகு அழுத்தி, இரண்டு ஆழத்திலும் பார்க்கிறார். கடைசியில் தீர்ப்பு: காற்றும் குளிரும் ஈரமும் தோளுக்குள் புகுந்து ஓட்டத்தை அடைத்துவிட்டன. "ஏர்கான் கீழே வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். சிங்கப்பூரில் எந்தச் சின்சேயிடம் போனாலும் குற்றவாளி ஏர்கான்தான். என் அம்மாவுக்கும் அதுதான் குற்றவாளி, அவர் இருவத்தஞ்சு வருஷமாக இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த விளக்கங்களை நான் நம்பினேனா என்றால், நம்பவில்லை. என் தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கித் தடித்துச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். என் சர்க்கரை அளவு, சாப்பிடும் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறேனா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்பதையெல்லாம் அவராகவே கேட்டு எழுதிக்கொண்டார். நம்பிக்கை வேண்டியது அந்த இடத்தில்தான்.

இனி ஊசி. ஒரு தடவைக்கு 45 வெள்ளி. நாலு நட்சத்திரம்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ரத்தம் எடுக்கும் ஊசி கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் தடிமன். எனக்குப் போட்ட அக்குபங்சர் ஊசி 0.25. இன்சுலின் பேனாவில் மாட்டும் ஊசியும் ஏறக்குறைய அதே அளவுதான். அக்குபங்சர் ஊசிக்கு உள்ளே துளை கிடையாது, முனை ரத்த ஊசியைப்போலச் சரிவாக வெட்டியதும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகை; என் கண் முன்னால் உறையைக் கிழித்தார், முடிந்ததும் மஞ்சள் நிற ஊசிக் கழிவுப் பெட்டியில் போட்டார். எத்தனை ஊசி போனது, எத்தனை வெளியே வந்தது என்று கவுன்டர் பெண் எண்ணிச் சரிபார்த்தாள். எங்கள் மருந்தகத்தில்கூட இவ்வளவு அக்கறையாக எண்ணுகிறவர்கள் குறைவு.

தோளைச் சுற்றி மூன்று ஊசி. முன்பக்கம் ஜியான்யூ, அதற்குச் சற்றுப் பின்னால் ஜியான்லியாவ், அக்குளுக்குப் பின்பக்கம் மேலே ஜியான்ஜென். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் ஹெகு என்ற இடத்தில் ஒன்று. இந்த ஹெகுவில் கர்ப்பிணிகளுக்குப் போட மாட்டார்கள், சொல்லி வைக்கிறேன். குத்தும்போது எறும்பு கடித்த அளவுதான். அதற்குப் பிறகுதான் வேலையே: ஊசியை விரல்களுக்கிடையே திருகுவார், உள்ளே கனமாக, மந்தமாக, மரத்துப்போய் ஏதோ பரவும். அது வந்தால்தான் பலன் என்பது அவர்கள் கணக்கு. வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தோளின் உச்சியில், கழுத்துக்கும் மூட்டுக்கும் நடுவில் ஒன்று போட வந்தபோது மட்டும் நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த இடத்துக்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது, ஆழமாகப் போனால் காற்று கசியும். அவர் கோபப்படவில்லை. தோலைக் கிள்ளித் தூக்கிப் படுக்கைவாட்டில் மேலோட்டமாகக் குத்துவேன் என்று விரலில் செய்து காட்டினார், அப்படியேதான் குத்தினார். கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத வைத்தியர் எந்த முறையிலும் அரிது.

எல்லாவற்றையும்விட விசித்திரம் காலில் போட்ட ஊசி. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சரி பாதியில், முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் தியாவ்கோவ் என்று ஓர் இடம். அங்கே நீளமான ஊசியை இறக்கித் திருகிக்கொண்டே, "கையைத் தூக்கு, தூக்கு" என்றார். தோளுக்குக் காலில் ஊசி! நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேதான் தூக்கினேன். கை வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு சாண் மேலே போனது. வலி இருந்தது, ஆனால் போனது. மறுநாள் காலையில் அதில் பாதி திரும்பிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு ஊசிகளில் முதலை வாய்க் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விடுவார்கள். தசை தன்பாட்டுக்குத் துடிக்கும், தாங்கும் அளவுக்குத் திருகைக் கூட்டுவார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். இருபது நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். திரைக்கு அந்தப்பக்கம் ஓர் அங்கிள் குறட்டை விடுவார். கவுன்டரில் உடம்பெல்லாம் கோடும் புள்ளியும் போட்ட பிளாஸ்டிக் பொம்மை ஒன்று நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் இப்படி 361 புள்ளிகள். இதன் மூதாதை 1027இல் சீனாவின் சொங் அரசவைக்காக வாங் வெய்யி செய்துகொடுத்த வெண்கல மனித உருவம். மேலே மெழுகு பூசி உள்ளே தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் சரியான துளையில் குத்தினால் தண்ணீர் வரும், தப்பினால் வராது. பரீட்சை என்றால் அது பரீட்சை.

சரி, பலன் என்ன? மூன்றாம் வாரத்திலிருந்து ராத்திரி தூங்கினேன். இடதுபக்கம் புரண்டாலும் எழவில்லை. எனக்கு அந்த ஒன்றே நாலு நட்சத்திரம். ஐந்தாவதை ஏன் கொடுக்கவில்லை என்றால், ஜெர்மனியில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது, அது எனக்குத் தெரிந்துதான் போனேன். முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசியில் 44.2. வழக்கமான மருந்து, உடற்பயிற்சி வைத்தியத்தில் 27.4. ஆக ஊசி வேலை செய்கிறது, ஆனால் எந்த இடத்தில் குத்துகிறோம் என்பது சின்சே நினைக்கும் அளவுக்கு முக்கியமா என்பது சந்தேகம். அது இடுப்பு, என்னுடையது தோள், ஒன்றை வைத்து மற்றொன்றைத் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். இன்னொன்று, இந்தத் தோள் உறைவு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தானே இளகும். என் தோள் இளகியதில் ஊசியின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. தூக்கத்துக்கு மட்டும் நான் ஊசிக்கு நன்றி சொல்வேன்.

மூலிகைச் சூடு. 15 வெள்ளி. மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று வாசனைக்கு.

ஐ என்னும் ஒரு செடியின் இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டு கனத்துக்கு உருட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு முனையைப் பற்றவைத்து, தோலிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் பிடித்துக் காட்டுகிறார்கள். இந்தச் செடி நம் மரிக்கொழுந்தின் இனம். தாவர நூலில் இரண்டும் ஆர்ட்டிமீசியா பேரினம். ஆனால் புகையில் மரிக்கொழுந்தின் மணத்தை எதிர்பார்க்காதீர்கள். வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் கலந்த ஏதோ ஒன்று. சுடிதாரில் ஏறினால் துவைக்கிற வரை போகாது, எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இதே பேரினத்தில் வேறொரு செடியிலிருந்துதான் மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் வந்தது, அதைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு. அதைச் சொல்லி இந்தச் சுருட்டையும் விற்கப் பார்ப்பார்கள். கவுன்டர் பெண் என்னிடம் சொல்லிப் பார்த்தாள். பழைய ஏட்டில் துப்புக் கண்டு, ஈதரில் வடித்து, ஒற்றை மூலக்கூறாகப் பிரித்து, நோயாளிகளிடம் சோதித்துக் கிடைத்த மருந்து அது. சுருட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் குடும்பப் பெயர் மட்டும்தான்.

சூடு சுகமாக இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பத்து நிமிடம் காட்டிய பிறகு தோளை அசைப்பது எளிது. ஆனால் வெந்நீர்ப் பை ஒத்தடத்துக்குப் பிறகும் அப்படித்தான். சர்க்கரைக்காரர்கள் கவனம்: கால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. சில இடங்களில் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் விஷயத்தில் கையில் பிடித்துக் காட்டுவதென்றால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஊசி போட்டுவிட்டு மேலே தொங்கவிடும் சிவப்பு விளக்குக்கும் இதே எச்சரிக்கைதான். அந்த விளக்கு ஊசிக் கட்டணத்துக்குள் அடக்கம், தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

குவளைக்கு 25 வெள்ளி, ஒரு நட்சத்திரம். ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு கணம் காட்டி, படக்கென்று முதுகில் கவிழ்க்கிறார்கள். உள்ளே காற்று குளிர்ந்து சுருங்க, தோல் மேலே இழுபடும். ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்து எடுத்தால் கத்தரிப்பூ நிறத்தில் வட்டம். நிறம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு தேக்கம் வெளியே வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். தோலுக்கடியில் சிறு ரத்தக்குழாய்கள் உடைந்தால் எவருக்கும் அந்த நிறம்தான் வரும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் இந்த வட்டங்களை உலகமே பார்த்தது, அதிலிருந்து இளைஞர் கூட்டம் இதற்குத்தான் வருகிறது. எனக்கு அன்று முழுக்க முதுகு லேசாக இருந்தது, மறுநாள் ஒன்றுமில்லை. அந்த வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாணம். பின்கழுத்து இறக்கமான பட்டு ஜாக்கெட். நாத்தனார் பின்னால் வந்து நின்று, "அண்ணி, அண்ணன் ஏதாச்சும்..." என்று இழுத்தாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிட்டது.

பிடித்துவிடுதல் அரை மணி நேரத்துக்கு 38 வெள்ளி. இரண்டு நட்சத்திரம். இதைச் செய்பவர் சின்சே இல்லை, வேறோர் இளைஞர். கழுத்தும் தோள்பட்டையும் கல்லாக இருந்ததை நன்றாகவே இளக்கினார். ஆனால் கையைப் பிடித்து முறுக்கி வளைக்கும் ஆர்வம் அவருக்கு அதிகம். வலி கொதிக்கிற கட்டத்தில் இருக்கும் உறைந்த தோளை முரட்டுத்தனமாக இழுத்தால் வீக்கம் கூடும்; எங்கள் மருத்துவமனை பிசியோதெரபிஸ்டும் இதைத்தான் சொன்னார். நான் கத்தியதில் அங்கிளின் குறட்டையே நின்றுபோனது. அடுத்த முறை முதல் மெதுவாகத்தான் பிடித்தார். மாறாக, சின்சே காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சி உண்டு: சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக ஏறுவது, ஏறிய இடத்தில் பென்சில் கோடு போடுவது. பிசியோதெரபிக்குப் போனபோது அங்கேயும் இதே பயிற்சி. கையை உயர்த்தியதில் பெரிய பங்கு இந்தச் சுவருக்குத்தான் என்பது என் கணிப்பு. எங்கள் சமையலறைச் சுவர் பாழாய்ப்போனது தனிக்கதை.

இப்போது தூள். இங்கேதான் எனக்கும் கடைக்கும் உரசல்.

சீன மருந்துக்கடை என்றால் நூற்றுக்கணக்கான மர இழுப்பறைகளும் தராசும் கண்ணுக்கு வரும். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலுக்கு எதிர்வரிசையில் இருக்கும் யூ யான் சாங் கடைக்குப் போனால் அந்த உலகத்தின் வாசனை இன்னும் இருக்கிறது. 1879இல் இன்றைய மலேசியாவில், பேராக்கின் கோப்பெங்கில் ஈயச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகத் தொடங்கியது, 1910இல் இங்கே கிளை. கோயில் அதற்கும் முன்னால், 1827. தீமிதிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையைப் பார்த்திருப்பீர்கள். பேட்டை கிளினிக்கில் அதெல்லாம் கிடையாது. வெள்ளை பிளாஸ்டிக் புட்டிகளில் வரிசையாக மூலிகைச் சாற்றுத் தூள். காய்ச்சி வடித்து உலர்த்தியது. எடை போட்டுக் கலந்து, இயந்திரத்தில் கொட்டினால் சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிறது. வெந்நீரில் கலக்கி நாளைக்கு இருமுறை. மண்சட்டியில் மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாக வற்றவைக்கும் பாடு இல்லை. ஒரு வாரத்துக்கு 42 வெள்ளி.

பொட்டலத்தில் என் பெயர், தேதி, "காலை மாலை" என்று மட்டும் அச்சடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் இல்லை. எங்கள் மருந்தகக் கவுன்டரில் இப்படி ஒரு பொட்டலம் வெளியே போனால் எனக்கு வேலை போய்விடும். பட்டியல் கொடுங்கள் என்றேன். "அது சின்சேயின் சீட்டு, ஆண்ட்டி" என்றாள் கவுன்டர் பெண். பட்டியல் இல்லாமல் காசு இல்லை என்று நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் சின்சேயே வெளியே வந்து, சிரித்துக்கொண்டே அச்சடித்துக் கொடுத்தார். சீன எழுத்தில்தான், போனில் படம் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஜுவான் பி தாங் என்ற 12ஆம் நூற்றாண்டுக் கஷாயம், தோள், கை வலிக்கென்றே சொல்லப்பட்டது. அதில் என்ன இருந்தது தெரியுமா? மஞ்சள். நம் சமையல் மஞ்சளேதான். அதிமதுரத்தின் சீனச் சகோதரி. கூடவே சியாங்ஹுவோ, ஃபாங்ஃபெங், ஹுவாங்சி, சிவப்புப் பியோனி வேர், தாங்குவெய் என்று சீன மூலிகைகள். இஞ்சியும் சீன இலந்தையும் சேர்க்கச் சொல்லும் மரபுப்படி, தூளோடு ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடச் சொன்னார். அதாவது பாதிச் சாமான் என் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடைப்பவை. சுவையா? கசப்பு, அதன் மேல் அதிமதுரத்தின் அசட்டு இனிப்பு, அடியில் மண்.

பட்டியலுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரே அலமாரியில் என் மருந்தும் கணவர் மருந்தும் இருக்கின்றன. அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார். தாங்குவெய் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். "உனக்கு நல்லா இருக்கே, எனக்கும் முட்டி வலி" என்று அவர் ஒரு பொட்டலத்தைக் கலக்கிக் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதிமதுரத்தை நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? இதைவிடப் பெரிய கதை பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொன்று கலந்துவிட, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கலந்தது அரிஸ்டொலோக்கியா வகைச் செடி. நாம் பெருமைப்படவும் ஒன்றுமில்லை: ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே வகைதான், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அதே அமிலம் அவற்றிலும் உண்டு. இங்கே பாக்கெட்டில் விற்கும் சீன மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிந்தாக வேண்டும், பாதரசம், ஈயம், ஆர்செனிக் அளவுக்குச் சோதனை உண்டு. ஆனால் உங்களுக்கென்று கலந்து தரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு வாரம் குடித்தேன். ஊசியும் அதே நேரத்தில் போய்க்கொண்டிருந்ததால் தூளின் பலன் தனியாக எனக்குத் தெரியவில்லை. வயிறு மட்டும் இளகியது, அது தெரிந்தது. நிறுத்திவிட்டேன். நிறுத்தியதில் தோளுக்கு எந்த மாற்றமும் இல்லை. தூளுக்கு இரண்டு நட்சத்திரம். அதிலும் ஒன்று, கேட்டதும் வெளியே வந்து சீட்டைக் கொடுத்த சின்சேக்கு.

இன்னொரு குறை, பேக்கேஜ். பத்து முறைக்கு முன்பணம் கட்டினால் இரண்டு குவளை இலவசம் என்று ஒவ்வொரு தடவையும் கவுன்டரில் பாடம் ஒப்பிக்கிறார்கள். நான் கட்டவே இல்லை, ஒவ்வொரு முறையும் அன்றன்றைக்குத்தான் கொடுத்தேன். அதனால்தான் குவளையையும் தூளையும் வெட்டிவிட்டு ஊசியை மட்டும் தொடர முடிந்தது. சின்சே எதையும் வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "ஊசி போதும்" என்றபோது சரி என்றுவிட்டார். வற்புறுத்தல் எல்லாம் கவுன்டரோடு சரி.

காசு கட்ட முடியாதவர்களுக்கு: சின் சுவீ ரோட்டில் தோங் சாய் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1867இல் தொடங்கி, இனம் மதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்த இடம். யூ தோங் சென் தெருவில் 1892இல் கட்டிய அவர்களின் பழைய கட்டடம் இப்போது தேசிய நினைவுச்சின்னம். தமிழர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சீனர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில்லறைத் தகவல்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், ஊசி போட்டதும் தலை சுற்றும். கோப்பி குடித்த கையோடு போனால் நாக்கின் நிறம் பார்க்க முடியாது என்று காக்க வைப்பார்கள். தோள் வலிக்காரர்கள் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுப் போங்கள், தலை வழியாகக் கழற்றும் டாப்ஸைக் கழற்றுவதற்குள் பாதி உயிர் போகும். மருத்துவ விடுப்புச் சீட்டு வேண்டுமென்றால் பாலிகிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், சின்சே கொடுக்கும் சீட்டை முதலாளி ஏற்க வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. சனிக்கிழமை காலை கூட்டம் வாசல் தாண்டி மீன்தொட்டிக் கடை வரை நிற்கும், வார நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போனால் உடனே கூப்பிடுவார்கள். நெட்ஸ் (உள்ளூர் வங்கி அட்டை) எடுக்கிறார்கள், கிரெடிட் கார்டு எடுப்பதில்லை.